நிலைத்த பக்கமும் நெகிழும் பாடமும்: உருமாற்றிய ஆவணங்களைப் பதிப்பித்தல் பற்றிய சில சிந்தனைகள்

1

அச்சிடப்பட்ட நூலொன்றின் பக்கத்தை நாம் பொதுவாக ஓர் இயற்கைப் பொருளைப் போலவே நோக்கிப் பழகியுள்ளோம். வரிகள் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகின்றன. அடிக்குறிப்பு அடியிலே நிற்கின்றது. அட்டவணையின் நிரைகளும் நிரல்களும் தத்தம் இடங்களில் அமைந்துள்ளன. இவ்வமைப்புச் சிலருடைய உழைப்பினாலும் தீர்மானங்களினாலும் உருவானது என்பது வாசகரின் கவனத்துக்கு வருவதில்லை. ஆனால் அதே பக்கம் பிடிஎஃப் கோப்பாகக் கிடைத்து, அதனைத் திருத்தத்தக்க வேறொரு வடிவத்துக்கு மாற்றிப் பதிப்பிக்க முற்படும்போது நிலைமை வேறாகின்றது. ஒரு சொல்லை நீக்கினால் வரி குலைகின்றது. ஒரு சொல்லைச் சேர்த்தால் அது அடுத்த சொல்லின் மேல் ஏறி நிற்கின்றது. அடிக்குறிப்புப் பந்தியின் நடுவே புகுகின்றது. பக்க எண் வாக்கியத்தின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது.

இது தொழினுட்பவியலாளரின் சிக்கல், இலக்கிய ஆய்வாளருக்கு இதில் வேலையில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர். நல்ல மென்பொருள் ஒன்று வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது அவர்களது எண்ணம். இதற்கு மறுதலையாக, பக்கம் கண்ணுக்கு முன்னிருந்தவாறே தோன்றினால் நூல் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று நிறைவடைவோரும் உளர். இவ்விரு நோக்குகளும் ஒரே தவறான எடுகோளின் மீது எழுந்தவை. பாடம் வேறு, பக்கத்தின் தோற்றம் வேறு என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. நிலைத்த பக்கம் பாதுகாப்பது தோற்றத்தை. அத்தோற்றத்துக்குக் காரணமான உறவுகளை அது பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றது. கைவிடப்பட்ட உறவுகளை மீட்டெடுக்கும் பணி பதிப்பாசிரியருடையது. அது மூலபாடத் திறனாய்வின் ஒரு பகுதியேயாகும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

பிடிஎஃப் என்னும் வடிவம் எத்தேவையை நிறைவேற்றத் தோன்றியது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1982இல் ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கி ஆகிய இருவரும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். 1984இல் அந்நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரண மொழியை வெளியிட்டது. அச்சுப்பொறி எதுவாயினும் ஒரே பக்கம் ஒரே வகையாக அச்சாக வேண்டுமென்பதே அதன் குறிக்கோள். 1991இல் வார்னொக் ‘கமலொட்’ என்ற பெயரில் முன்வைத்த திட்டம் இக்குறிக்கோளை மேலும் விரித்தது. எக்கணினியிலிருந்து எக்கணினிக்கு அனுப்பப்பட்டாலும் ஆவணம் ஒரே தோற்றத்துடன் திறக்கப்பட வேண்டும் என்று அது கோரியது. 1993இல் பிடிஎஃப் வெளியாயிற்று. 2008இல் அது சர்வதேச நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அலுவலகங்களும் வர்த்தக நிறுவனங்களும் அச்சகங்களும் வேண்டிநின்றது முடிவுற்ற ஆவணத்தின் மாறாத் தோற்றத்தையே. தொடர்ந்து திருத்தப்படும் ஆவணம் அவற்றின் உடனடித் தேவையாக இருக்கவில்லை.

இத்தேவைக்கு இசையவே அதன் உள்ளமைப்பும் அமைந்தது. பக்கத்தை ஆக்கும் கட்டளைத் தொடரிலே பந்தி என்றோ வாக்கியம் என்றோ சொல் என்றோ ஓர் அலகு இல்லை. இன்ன எழுத்துருவை எடு, பக்கத்தின் இன்ன புள்ளிக்குச் செல், இன்ன வரிவடிவங்களை அங்கே இடு என்பன போன்ற கட்டளைகளே அதிலுள்ளன. இடங்கள் ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படுகின்றன. இரு சொற்களுக்கு இடையேயுள்ள வெளி கூட ஓர் எழுத்தாகப் பதிவாகியிருக்க வேண்டியதில்லை. அடுத்த சொல் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் போதும். அட்டவணை என நாம் காண்பது சில கோடுகளும் அவற்றின் இடையே வைக்கப்பட்ட சில எண்களும் மட்டுமே. 2001இல் வந்த 1.4ஆம் பதிப்பு முதல் தலைப்பு, பந்தி, அட்டவணை ஆகியவற்றை அடையாளமிடும் வசதி சேர்க்கப்பட்டது. எனினும் அது கட்டாயமானதன்று. அதனைப் பயன்படுத்தாமல் ஆக்கப்பட்ட கோப்புகளே நமது சூழலில் மிகுதி.

இவ்வாறு கூறுவதனால் இவ்வடிவத்தின் வரலாற்றுப் பயனை மறுப்பதாகக் கொள்ளலாகாது. குறிப்பாகத் தமிழுக்கு அது ஆற்றிய பணி பெரிது. ஒருவர் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு மற்றவரின் கணினியில் இல்லாதிருந்த காலத்திலே, எழுத்துருவைத் தன்னுள்ளே பொதிந்து செல்லும் பிடிஎஃப் கோப்பே கொழும்பில் அமைத்த பக்கத்தை ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் படிக்க வழிசெய்தது. ஆயினும் அவ்வசதிக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலை படிக்கும்போது தெரிவதில்லை, பதிப்பிக்கும்போதே தெரியவருகின்றது.

3

பிடிஎஃப் கோப்பைத் திருத்தத்தக்க ஆவணமாக மாற்றும் மென்பொருள் உண்மையில் செய்வது ஊகித்தலேயாகும். ஒரே மட்டத்தில் நிற்கும் வரிவடிவங்களை வரி எனக் கொள்கின்றது. அண்மையில் நிற்கும் வரிகளைப் பந்தி எனக் கொள்கின்றது. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெற்றிடத்தைக் கண்டு இரு நிரல்கள் உள எனக் கருதுகின்றது. ஊகம் பிழைக்குமிடத்து இடது நிரலின் முதல் வரியும் வலது நிரலின் முதல் வரியும் ஒரே வாக்கியமாக ஒட்டிவிடுகின்றன. அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதற்கு வலப்புறமிருந்த எண் இடப்புறம் நகர்ந்துவிடக்கூடும். 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குரிய எண் 1971ஆம் ஆண்டுக்குரியதாகத் தோன்றுமாயின், அது வெறும் பக்க அமைப்புக் குறைபாடு அன்று, பொய்யான சான்றாகிவிடுகின்றது.

மாற்றும் முறைகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை பக்கத்தின் தோற்றத்துக்கு முதன்மை தருவது. லிப்ரே ஒஃபிஸ் தொகுதியின் வரைதற் செயலி பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது ஏறத்தாழ ஒவ்வொரு வரியையும் தனித்தனி எழுத்துப் பெட்டியாக நிறுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு. மற்றவகை பாடத்தின் ஓட்டத்துக்கு முதன்மை தருவது. மைக்ரோசொஃப்ட் வேர்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது அது பந்திகளாக மீளக் கட்டப்படுகின்றது. முதல்வகையிற் பக்கம் மூலத்தை ஒத்திருக்கும். ஆனால் ஒரு வரியில் ஐந்து சொற்களைச் சேர்த்தால் அவை அடுத்த வரிக்குச் செல்லமாட்டா. அடுத்த வரி தனது அயலவனை அறியாத ஒரு தனிப்பெட்டி. இரண்டாம் வகையிற் சொற்கள் ஓடும்; ஆனால் பக்கம் மூலத்தை ஒத்திராது.

இங்கே ஓர் உண்மையான முரண்பாடு உள்ளது. மாற்றப்பட்ட ஆவணம் மூலப் பக்கத்தை எவ்வளவு நெருக்கமாக ஒத்திருக்கின்றதோ அவ்வளவுக்கு அது பதிப்பிக்கத் தகாததாகின்றது. முதற்பார்வையில் மிகச் சிறந்ததாகத் தோன்றும் மாற்றமே பதிப்பாசிரியருக்கு மிகுந்த இடர் தருவது. இதனை மென்பொருளின் திறமைக் குறைவு என்று மட்டும் கூறி ஒதுக்கமுடியாது. மென்பொருள்கள் மேம்பட்டு வருகின்றன, ஊகங்களும் கூர்மையடைகின்றன. ஆயினும் ஊகம் ஊகமே. கோப்பில் இல்லாததொன்றை எவ்வளவு திறமையாக ஊகித்தாலும், அவ்வூகம் சரியா என்பதைத் தீர்மானிக்கப் பாடத்தை விளங்கிக்கொண்ட ஒருவர் தேவைப்படுகின்றார்.

இன்னொரு தடையையும் குறிப்பிடுதல் வேண்டும். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, பக்கங்களில் உண்மையாகப் பயன்பட்ட வரிவடிவங்கள் மட்டுமே பெரும்பாலும் கோப்பினுள் பொதியப்படுகின்றன. ஆதலின் பிடிஎஃப் கோப்பை நேரடியாகத் திருத்த முயல்பவர், அந்நூலில் ஓரிடத்திலும் வராத ‘ஙௌ’ போன்ற எழுத்தைத் தட்டினால் அதற்குரிய வடிவம் அங்கே இராது. மென்பொருள் வேறோர் எழுத்துருவை இரவல் வாங்கும். அவ்வெழுத்துருவின் அகலம் வேறாதலின் வரி குலையும். முன்பு பேசப்பட்டவற்றை மட்டுமே மீளப் பேசலாம், புதிதாக எதனையும் கூறலாகாது என்று விதிக்கப்பட்ட ஒருவரின் நிலை போன்றது இது.

4

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழிலோ இப்பிரச்சினை இன்னும் ஆழமாகின்றது. வரிகளின் வரிசை மட்டுமன்றி எழுத்துகளின் வரிசையே குலையும் நிலை இங்குண்டு.

‘கொள்கை’ என்ற சொல்லைக் கையால் எழுதுகையில் முதலிற் கொம்பை எழுதுகின்றோம், பின்னர் ககரம், பின்னர் அரவு. கண் காண்பதும் அவ்வரிசையையே. ஆனால் ஒலியின் வரிசையில் மெய் முன்னும் உயிர் பின்னுமாகும். 1991இல் வெளியான யுனிகோட் நியமத்தின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அந்நியமம் ஒலிவரிசையைப் பின்பற்றி மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் சேமிக்கின்றது. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி போன்ற எழுத்துருக்கள் கண்வரிசையைப் பின்பற்றியவை. அது மட்டுமன்று; அவை ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தவை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியிலே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகின்றது. திரையில் தமிழ், கோப்பிலோ ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கூட்டம்.

இவ்வழி பின்பற்றப்பட்டமைக்குப் பொருளியற் காரணங்கள் உள. நமது அச்சகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்கள் தமிழின் யுனிகோட் எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டவல்லனவாக இருக்கவில்லை. விண்டோஸ் இயங்குதளமே 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் தமிழுக்குரிய யுனிகோட் எழுத்துருவொன்றுடன் வந்தது. பெருஞ்சந்தை உள்ள மொழிகளுக்கு முதலிற் செய்யப்பட்டது சிறுசந்தை மொழிகளுக்குப் பிந்தியே செய்யப்பட்டது. அவ்விடைக்காலத்தைத் தமிழ் உழைப்பாளர்கள் தமது கைத்திறனாற் கடந்தனர். பாமினி முதலியவற்றை ஆக்கியோரையும் அவற்றைப் பயன்படுத்தியோரையும் குறைகூறுதல் வரலாற்று நோக்கு அற்ற செயலாகும். ஆனால் அவ்விடைக்காலத்தில் உருவான பல்லாயிரம் பக்கங்கள் இன்று நம்முன் உள்ளன என்பதும் உண்மை.

அவற்றை மாற்றும்போது நிகழ்வதென்ன? பிடிஎஃப் கோப்பிலே, இவ்வடிவம் இவ்வெழுத்தைக் குறிக்கும் என்ற பட்டியல் இருக்கலாம், இல்லாமலும் விடலாம். இல்லாதவிடத்து மாற்றி தருவது ஆங்கில எழுத்துக் குவியலே. யுனிகோட் எழுத்துருவில் அமைந்த கோப்பிலும், கண்வரிசை ஒலிவரிசையாகத் திருப்பப்படாவிட்டால், உயிர்க்குறி தனக்கு முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘கலை’ என்பது ‘கைல’ ஆகும்; ‘பலகை’ என்பது ‘பலைக’ ஆகும். பக்கத்தைப் பார்க்கும் கண்ணுக்கு எக்குறையும் தெரியாது. ஆனால் அந்நூலில் ‘கலை’ என்ற சொல்லைத் தேடினால் அகப்படாது. பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் திரைவாசிப்புக் கருவி இக்கோப்பை வாசிக்கும்போது அவர் கேட்பது தமிழன்று. நிரல்கள் குழம்பியிருப்பின் ஒரு வாக்கியத்தின் நடுவே மற்றொரு வாக்கியத்தையும் அவர் கேட்க நேரிடும். அவரைப் பொறுத்தவரையில் அந்நூல் வெளியிடப்படவே இல்லை.

எழுத்துகளைச் சரிவர மாற்றிய பின்னரும் பக்க அமைப்பு மீளாது. பாமினியின் வடிவங்களுக்கும் யுனிகோட் எழுத்துரு ஒன்றின் வடிவங்களுக்கும் அகலம் ஒன்றன்று. ஆதலின் வரிகள் வேறிடங்களில் முடிகின்றன. பக்கங்கள் வேறிடங்களில் மாறுகின்றன. 112ஆம் பக்கத்தில் இருந்த கூற்று 119ஆம் பக்கத்துக்குச் செல்லக்கூடும். அந்நூலை மேற்கோள் காட்டிய ஏனைய ஆய்வுகளின் பக்க எண்களும் நூலின் சொல்லடைவும் அத்துடன் பயனற்றுப் போகின்றன. பழைய நூல்களில் இன்னொரு சிக்கல் சேர்கின்றது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களை, புதிய வடிவங்களிற் பழகிய எழுத்துணரி மென்பொருள்கள் பிழையாக வாசித்துவிடுகின்றன.

5

எழுத்து ஊடகம் மாறும்போது பாடத்தை மீட்டெடுக்க வேண்டிய நிலை தமிழுக்குப் புதிதன்று. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டை நோக்கினால் இன்றைய பிரச்சினையின் இயல்பு தெளிவாகும்.

ஏட்டுச் சுவடியிலே மெய்யெழுத்துகளுக்குப் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. அரவும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். சொற்பிரிப்பு இல்லை, அடிப்பிரிப்பு இல்லை, மூலமும் உரையும் உரையில் வரும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக ஓடும். 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் எதிர்கொண்ட பாடம் இத்தகையதே. மூலத்தை உரையினின்று பிரித்தல், அடி வரையறுத்தல், பாடபேதங்களை வேறிடத்திற் குறித்தல் என்பன பதிப்பாசிரியரின் தலையாய பணிகளாயின. பக்க அமைப்பு என்பது அவர்களுக்கு அழகுபடுத்தலாக இருக்கவில்லை. பாடத்தின் உள்ளுறவுகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் புலமைச் செயலாகவே இருந்தது.

இன்றைய நிலை இதன் தலைகீழ் வடிவம் எனலாம். ஏட்டிலே எழுத்துகளின் தொடர் இருந்தது. உறவுகளைக் காட்டும் அமைப்பு இருக்கவில்லை. நிலைத்த பக்கத்திலே உறவுகளின் தோற்றம் இருக்கின்றது. தொடர் உறுதியாக இல்லை. ஏட்டைப் படித்தவர் எங்கே மூலம் முடிகின்றது என்று வினவினார். மாற்றிய கோப்பைப் படிப்பவர் எங்கே வரி முடிகின்றது, எங்கே பந்தி முடிகின்றது என்று வினவ நேர்கின்றது. இரு வினாக்களுக்கும் விடை கருவியில் இல்லை; யாப்பறிவும் இலக்கண அறிவும் பொருளறிவுமே விடை தரும்.

கவிதையை எடுத்துக்கொள்வோம். மாற்றி ஒவ்வொரு வரிமுடிவையும் பந்திமுடிவாகக் கொண்டால் உரைநடை புதுக்கவிதை போலாகிவிடும். வரிமுடிவுகளை எல்லாம் இடைவெளியாக்கினால் கவிதை உரைநடையாகிவிடும். ஈழத்துக் கவிஞர் மஹாகவி யாப்பமைதி கெடாத செய்யுளையே பேச்சோசைக்கும் பொருளுக்கும் ஏற்ப வரிபிரித்து அச்சிட்டார். அவ்வாறு பிரித்தமை தற்செயலானதன்று. மரபுவழிச் செய்யுளைச் சமகால வாழ்வின் குரலாக்கும் முயற்சியின் ஒரு கூறு அது. அவ்வரிகளை மாற்றி ஒன்றாக்கிவிட்டால் எழுத்தொன்றும் குறையாது. ஆனால் கவிஞரின் தீர்மானம் மறைந்துவிடும். உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கமுடியாத உறவுடையன என்று நமது விமரிசகர்கள் பலகாலும் வற்புறுத்திய உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மார்க்சியர்களுக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வரவேண்டிய பதிப்பு வரலாறு ஒன்றுண்டு. ‘ஜேர்மன் சித்தாந்தம்’ என நாம் அறியும் கையெழுத்துப்படிகளிலே மார்க்சும் எங்கெல்சும் தாளை இரு நிரல்களாகப் பிரித்துப் பயன்படுத்தினர். இடது நிரலில் பாடம் ஓடிற்று. வலது நிரல் சேர்க்கைகளுக்கும் குறிப்புகளுக்குமாக விடப்பட்டது. 1932இல் அது வெளியிடப்பட்டபோது பொயர்பாக் பற்றிய பகுதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டு, தொடர்ச்சியான நூல் ஒன்றின் இயல் போல அச்சாயின. சிந்தனை உருவாகிக்கொண்டிருந்த தாள்கள் முடிந்த முடிபான கோட்பாடாகத் தோற்றமளித்தன. 2017இல் வெளியான புதிய முழுத்தொகுப்பின் உரிய தொகுதி அவற்றைத் தனித்தனிக் கையெழுத்துப்படிகளாகவே முன்வைத்தது. வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் தோற்றம் பற்றிய விவாதமே இவ்வாறு ஒரு பக்க அமைப்புப் பிரச்சினையோடு பிணைந்திருந்தது. பக்கத்தில் எது எதன் அருகே நிற்கின்றது என்பது சிறுவிடயமன்று.

6

முடிவுற்ற பொருள் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்கும் என்பது மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற்பாகத்திற் பண்டத்தைப் பற்றிக் கூறிய கருத்து. எல்லாவற்றையும் பண்டம் என்று கூறிவிடுவது இயந்திரப் பாங்கான ஒப்பீடாகிவிடும். எனினும் நிலைத்த பக்கத்தின் சமூக வாழ்வை விளங்கிக்கொள்ள அக்கருத்து உதவுகின்றது. நமது வெளியீட்டுச் சூழலில் எழுத்தாளர் கையெழுத்துப்படியைக் கொடுக்கின்றார். கணினியில் எழுத்துக்கோப்பவர் அதனைத் தட்டி, பந்தி பிரித்து, அடிக்குறிப்பு அமைத்துப் பக்கமாக்குகின்றார். அவருடைய பெயர் பெரும்பாலும் நூலில் இடம்பெறுவதில்லை. அவரது உழைப்பு முழுவதும் உறைந்திருப்பது மூலக்கோப்பிலே. நூல் வெளிவந்தபின் எழுத்தாளரிடமும் நூலகத்திடமும் எஞ்சுவது பிடிஎஃப் மட்டுமே. அச்சகம் மூடப்பட்டால், கணினி பழுதுற்றால், மூலக்கோப்பு அழிகின்றது. இரண்டாம் பதிப்பு வேண்டுமாயின் அவ்வுழைப்பு முழுவதையும் மீளச் செய்ய வேண்டியுள்ளது. பதிப்பிக்கும் ஆற்றல் மூலக்கோப்பை வைத்திருப்போரிடம் உள்ளது. ஏனையோருக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே எஞ்சுகின்றது.

இழப்பின் அனுபவம் நமக்குண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடிப் பிடிஎஃப் கோப்புகளாகப் பலரும் அணுகத்தக்க வகையில் வைத்துள்ளது. இப்பணியின் பெருமையை எவ்வளவு கூறினும் தகும். அதற்கு முன்னர், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு, தேடத்தக்க ஓடும் பாடமாக வழங்கினர். ஒன்று பக்கத்தைக் காத்தது. மற்றது பாடத்தைக் காத்தது. பக்கம் மட்டும் இருந்தால் தேடவும் திருத்தவும் இயலாது. பாடம் மட்டும் இருந்தால் அது எந்தப் பதிப்பிலிருந்து எவ்வாறு வந்தது என்பதை ஒப்புநோக்க இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன.

இவ்வுண்மையை நியமங்களை வகுத்தோரும் அறிந்தேயுள்ளனர். நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வெளியான பிடிஎஃப்-ஏ நியமத்தில் இரு படிநிலைகள் உள. ஒன்று தோற்றம் மாறாமைக்கு மட்டும் உறுதி தருவது. மற்றது அதனோடு பாடத்தின் அமைப்பும் எழுத்துகளின் யுனிகோட் அடையாளமும் பேணப்பட வேண்டும் எனக் கோருவது. தோற்றம் காக்கப்படுதலும் பாடம் காக்கப்படுதலும் இரு வேறு செயல்கள் என்பதற்கு இவ்வடிவத்தின் சொந்த நியமமே சான்று பகர்கின்றது.

7

இனிச் செயல்முறை பற்றிச் சில கூறலாம்.

முதலாவதாக, மாற்றிய கோப்பிலே பக்கத்தை ஒட்டுப்போட்டுச் சீர்செய்ய முயல்வது வீண் உழைப்பு. மூலக்கோப்புக் கிடைக்குமாயின் அதனையே நாடுதல் வேண்டும். கிடைக்காதவிடத்து, தோற்றத்தைக் கைவிட்டு ஓடும் பாடத்தை மட்டும் பிரித்தெடுத்து, எழுத்துகளை யுனிகோடுக்கு மாற்றி, வரிமுடிவு எது பந்திமுடிவு எது என்பதைப் பொருள்நோக்கித் தீர்மானித்து, தலைப்பு, பந்தி, மேற்கோள், அடிக்குறிப்பு ஆகியவற்றை அவற்றின் தொழிலுக்கேற்ப அடையாளமிட வேண்டும். பக்கம் அவ்வடையாளங்களிலிருந்து புதிதாகப் பிறக்க வேண்டும். இடைவெளிகளை வரிசையாகத் தட்டிச் சொல்லை நகர்த்துவதும், வெற்றுவரிகளை இட்டு அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவதும் அடுத்த திருத்தத்திலேயே குலைந்துவிடும்.

இரண்டாவதாக, பழைய பக்கத்தைக் குப்பையென எறிந்துவிடலாகாது. அது பாடத்தின் சான்று. மூலநூலின் பக்க எண்களைப் புதிய பாடத்தினுள்ளே அடைப்புக்குறியுள் இட்டுவந்தால் பழைய மேற்கோள்கள் பயனிழக்கமாட்டா. அட்டவணைகளின் எண்களையும் கவிதைகளின் வரிகளையும் மூலப் பக்கத்தோடு ஒப்புநோக்குவது கட்டாயம். இப்பணியை இருவர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கச் செய்வது அச்சுக்கூடங்களின் பழைய நல்வழக்கம். அதனைக் கைவிடுவதற்குக் கணினி ஒரு காரணமாகாது.

மூன்றாவதாக, பதிப்பாசிரியர் தாம் செய்தவற்றை முன்னுரையிற் கூறுதல் வேண்டும். எந்தப் பிரதியிலிருந்து பாடம் பெறப்பட்டது, எக்குறியீட்டு முறையிலிருந்து மாற்றப்பட்டது, எவ்விடங்களில் வரிபிரிப்பு ஊகத்தால் அமைந்தது என்பன ஏட்டுப் பிரதிகளின் விவரம் போலவே தெரிவிக்கப்பட வேண்டியவை. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் தமக்குக் கிடைத்த ஏடுகளைப் பற்றி முகவுரைகளில் விவரித்தனர். நாம் நமது கோப்புகளைப் பற்றி மௌனம் சாதிப்பது அம்மரபிலிருந்து பின்வாங்குவதாகும்.

நான்காவதாக, பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆய்விதழ்களும் தமது வெளியீடுகளின் பிடிஎஃப் கோப்போடு திருத்தத்தக்க யுனிகோட் மூலத்தையும் நூலகங்களில் வைப்பிடுதல் வேண்டும். இது பெரும்பொருட் செலவை வேண்டும் காரியமன்று. லிப்ரே ஒஃபிஸ் போன்ற கட்டணமற்ற மென்பொருளிலேயே, திருத்தத்தக்க மூலத்தைத் தன்னுள் பொதிந்த பிடிஎஃப் கோப்பை ஆக்கும் வசதியுண்டு. வேண்டுவது ஒரு நடைமுறைத் தீர்மானமே. அச்சகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் மூலக்கோப்பும் வெளியீட்டாளருக்கு உரியது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பக்கத்தை அமைத்தவரின் பெயரையும் நூலிற் குறிப்பிடுவோமாயின், மறைந்து நின்ற உழைப்புக்கு ஓரளவேனும் நியாயம் செய்தவர்களாவோம்.

மேலே கூறியவற்றைத் தனியொரு ஆய்வாளர் தமது மேசையிலிருந்து நிறைவேற்ற இயலாது. மொழியறிந்தோரும் கணினியறிந்தோரும் அச்சகத் தொழிலாளரும் நூலகரும் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய கூட்டுப்பணி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பு முயற்சிகள் தமிழிலக்கியத்தைச் சிலரது ஏட்டுப் பெட்டிகளிலிருந்து பொதுமக்களின் கைகளுக்குக் கொண்டுவந்தன. அடுத்த தலைமுறை நமது நூல்களைப் பார்க்க மட்டும் முடிவதா, அவற்றைத் தேடவும் திருத்தவும் விரிக்கவும் மறுக்கவும் முடிவதா என்பது, இன்று நாம் எதனை வைப்பிடுகின்றோம் என்பதைப் பொறுத்தே அமையும்.